முதலில் பிறந்த ஆண்டைப் பாருங்கள்: பிள்ளையின் தொலைபேசிக்குப் பெற்றோர் கட்டுப்பாடு அமைக்கும் முறை

பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி எதையும் தரவிறக்குவதற்கு முன்னர், பிள்ளையின் தொலைபேசியை வாங்கி, செட்டிங்ஸில் 'கூகுள்' என்ற பகுதியைத் திறந்து, அங்குள்ள கணக்கில் பிறந்த திகதி என்னவென்று பாருங்கள். சனிக்கிழமைகளில் இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துப் பெற்றோர் சிலருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்து வருகிறேன். பத்து வயதுப் பிள்ளையின் கணக்கில் 1990 என்று இருப்பது எனக்கு இப்போது புதினமில்லை. "கடைக்காரத் தம்பிதான் எல்லாம் போட்டுத் தந்தவர்" என்பார்கள். கம்யூனிகேஷன் கடையில் ஆட்கள் காத்துக்கொண்டு நிற்கையில், கடைக்காரர் கைக்கு வந்த ஓர் ஆண்டைத் தட்டிக் கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லைப் பெட்டியின் மூடியில் பேனையால் எழுதித் தந்துவிடுகிறார். அந்த நிமிடத்திலிருந்து கூகுளைப் பொறுத்தவரை உங்கள் மகள் முப்பது வயதைத் தாண்டிய பெண். யூடியூப், ப்ளே ஸ்டோர், தேடல், விளம்பரம் ஆகியவற்றில் சிறுவர்களுக்கென வைக்கப்பட்டிருக்கும் தடைகள் எவையும் அவளுக்குப் பொருந்தா. இதைத் திருத்தாமல் மேலே எந்தச் செயலியைப் போட்டாலும், அது வேலியில்லாத வளவுக்குப் படலை பூட்டும் வேலைதான்.

அதனால் இந்தக் கட்டுரை செயலியைவிடக் கணக்கைப் பற்றியே கூடுதலாகப் பேசும்.

எந்தச் சேவையைத் தெரிவு செய்வது

சந்தையில் உள்ளவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தொலைபேசியைச் செய்தவர்களே இலவசமாகத் தருவது: அன்ட்ரொயிட் தொலைபேசிக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோனுக்கு ஆப்பிளின் ஸ்கிரீன் டைம். இரண்டாவது, குஸ்டோடியோ, நோர்ட்டன் ஃபேமிலி, காஸ்பர்ஸ்கி சேஃப் கிட்ஸ் போன்று கட்டணம் வாங்கும் சேவைகள். மூன்றாவது, பிள்ளைக்குத் தெரியாமலே வட்ஸ்அப் உரையாடல்களையும் படங்களையும் உங்களுக்கு அனுப்பி வைப்பதாக விளம்பரம் செய்யும் உளவுச் செயலிகள்.

மூன்றாவது வகையை வாங்க வேண்டாம். அவற்றுள் பல, நிறுவுவதற்கு முன் தொலைபேசியின் சொந்தப் பாதுகாப்பான ப்ளே புரொடெக்டை நிறுத்தச் சொல்லும். பாதுகாப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாதுகாப்புத் தருவேன் என்பவரை நம்புவதற்குக் காரணமில்லை. உங்கள் பிள்ளையின் படங்களும் செய்திகளும் யாரோ ஒருவரின் கணினியில் போய்ச் சேருகின்றன என்பது அதைவிடப் பெரிய விடயம். எம்ஸ்பை என்ற சேவையிலிருந்து 2015இலும் 2018இலும் 2024இலும் தரவுகள் வெளியே கசிந்திருக்கின்றன. கட்டணச் சேவைகளைப் பொறுத்தவரை, வீட்டில் அன்ட்ரொயிட், ஐபோன், விண்டோஸ் கணினி எல்லாம் கலந்திருந்து, அனைத்தையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் யோசிக்கலாம். எங்கள் பகுதியின் பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஓர் அன்ட்ரொயிட் தொலைபேசி. அதற்கு ஃபேமிலி லிங்க் போதும்.

ஃபேமிலி லிங்க் என்ன செய்யாது என்பதையும் முதலிலேயே அறிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் குறுஞ்செய்திகளையும் வட்ஸ்அப்பையும் அது வாசித்துக் காட்டாது. அழைப்புகளைக் கேட்கவும் விடாது. எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பாவித்தார், எதை நிறுவக் கேட்கிறார், தொலைபேசி எங்கே இருக்கிறது என்பவற்றைக் காட்டும்; நேரத்துக்கும் செயலிகளுக்கும் எல்லை போட விடும். "அவ்வளவுதானா?" என்று கேட்கும் தந்தைமாருக்கு நான் சொல்லும் பதில், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதுவே நிறைய என்பதுதான்.

படி 1: உங்கள் கணக்கு

கட்டுப்பாட்டின் திறப்பு உங்கள் ஜீமெயில் கணக்கில் இருக்கிறது. அதன் கடவுச்சொல் உங்களுக்கே தெரியாவிட்டால் (பலருக்குத் தெரியாது) முதலில் அதை மாற்றுங்கள். மீட்பு எண்ணாக இப்போது பாவிக்கும் சிம்மின் எண்ணைக் கொடுங்கள்; இரண்டு வருடத்துக்கு முன் தொலைந்த சிம்மின் எண் அங்கே இருந்தால், கணக்கு பூட்டுப்படும் நாளில் மீட்க வழியிருக்காது. பிள்ளை உங்கள் தொலைபேசியை எடுத்து விளையாடும் வழக்கமிருந்தால், ஃபேமிலி லிங்க் செயலியைத் திறந்து தனக்குத் தானே நேரம் கூட்டிக்கொள்ள முடியும் என்பதால், உங்கள் தொலைபேசிக்கும் திரைப்பூட்டு அவசியம்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மகளின் தொலைபேசியில் எல்லாவற்றையும் ஒழுங்காக அமைத்து, என் தொலைபேசிக்கு நான்கு இலக்கப் பின் (PIN) பூட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். மூன்று கிழமை கழித்துப் பார்த்தால், தினமும் ஒரு மணித்தியாலம் மேலதிகமாகக் கொடுக்கப்பட்டிருந்தது; கொடுத்தது என் கணக்கு. எப்படி என்று கேட்டதற்கு, "அப்பா, உங்கட மோட்டார் சைக்கிள் நம்பர்தானே" என்றாள். இலக்கத் தகட்டில் ஊருக்கே தெரியும்படி இருந்த நான்கு எண்களை இரகசியமென்று வைத்திருந்தது என் பிழை. ஆறு இலக்கம் போடுங்கள். பிறந்த திகதி, வீட்டு இலக்கம், வாகன இலக்கம் எதுவும் வேண்டாம்.

படி 2: பிள்ளையின் கணக்கு

பிள்ளைக்கு 13 வயது நிறையவில்லை என்றால், கூகுள் கணக்கைப் பெற்றோர்தான் திறந்து கொடுக்க வேண்டும். உங்கள் தொலைபேசியில் ஃபேமிலி லிங்கை நிறுவி, உங்கள் கணக்கில் நுழைந்து, பிள்ளையைச் சேர்க்கும் பகுதிக்குச் சென்றால், புதிய கணக்கை அது படிப்படியாகத் திறந்து தரும். பெயரையும் பிறந்த திகதியையும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே கொடுங்கள். நீங்கள் ஐபோன் வைத்திருந்தாலும் பெற்றோர் பக்கச் செயலி அதில் வேலை செய்யும்.

ஏற்கெனவே பொய் வயதில் ஒரு கணக்கு இருந்தால் அவசரப்பட வேண்டாம். அதில் பிறந்த ஆண்டைத் திருத்திய உடனே, வயது போதாது என்று கூகுள் அறிவித்து, பெற்றோர் மேற்பார்வையை அமைப்பதற்கு 14 நாள் தவணை தரும். அதற்குள் அமைக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும். தங்கையின் பிறந்தநாள் படங்கள், ஆசிரியர் அனுப்பிய பாடக் குறிப்புகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். ஆகவே முதலில் அவற்றை ஒரு பென்டிரைவிலோ வேறு கணக்கிலோ பிரதி எடுத்து வையுங்கள். திருத்தும் நாளன்றே மேற்பார்வையையும் அமைத்து முடித்துவிடுங்கள். என் அனுபவத்தில் பழைய கணக்கைத் தொலைபேசியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறப்பதே இலகு. கடைக்காரருக்குக் கடவுச்சொல் தெரிந்த கணக்கு ஒரு சிறுமியின் தொலைபேசியில் தொடர்வதும் நல்லதல்ல.

13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் கணக்கில் மேற்பார்வையைச் சேர்ப்பதற்கு உங்கள் சம்மதத்தோடு பிள்ளையின் சம்மதமும் கேட்கப்படும். எனவே இருவரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

வெளிநாட்டில் அம்மா, வீட்டில் அம்மம்மா

இது எங்கள் பகுதிக்கு உரிய சிக்கல் என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும். தாய் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்கிறார். தொலைபேசியை வாங்கி அனுப்பியவரும் அவர்தான். பிள்ளை அம்மம்மாவிடம், அல்லது உம்மம்மாவிடம் வளர்கிறது. கட்டுப்பாட்டைத் தாயின் கணக்கில் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் பெற்றோரையும் பிள்ளையையும் இணைக்கும் கூகுளின் குடும்பக் குழுவில் உள்ளவர்கள் ஒரே நாட்டில் வசிக்க வேண்டும் என்பது விதி. தாயின் கணக்கு அந்த நாட்டுக்கு மாற்றப்பட்டிருந்தால் இணைக்கும்போது தடங்கல் வரும். நேர வித்தியாசமும் உண்டு: இங்கே இரவு ஒன்பது மணி என்றால் தோஹாவில் ஆறரை, தாய் வேலையில் இருப்பார், பிள்ளை அனுப்பிய அனுமதிக் கோரிக்கை கிடந்து காயும், அல்லது பார்க்காமலே அனுமதிக்கப்படும்.

ஆகவே குழுவின் நிர்வாகியாக வீட்டிலோ அயலிலோ உள்ள, தொலைபேசி பாவிக்கத் தெரிந்த ஒரு பெரியவரை வையுங்கள்: தகப்பன், பெரியம்மா, சாச்சி, திருமணமான மூத்த அக்கா. பதினேழு வயது அண்ணனிடம் ஒப்படைக்க வேண்டாம்; அவனுக்கே ஒரு நிர்வாகி தேவை. எந்தச் செயலியை அனுமதிப்பது என்ற முடிவைத் தாயோடு பேசி எடுத்து, அமுக்குவதை மட்டும் அந்தப் பெரியவர் செய்யட்டும். அம்மம்மாவிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: இரவில் தொலைபேசி எந்த அறையில் சார்ஜில் கிடக்கிறது என்பது. அதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

படி 3: பிள்ளையின் தொலைபேசியில் நுழைதல்

பிள்ளையின் தொலைபேசியில் புதிய கணக்கைச் சேர்த்ததும், பெற்றோரின் கணக்குக் கடவுச்சொல்லைக் கேட்டு, மேற்பார்வை தொடங்கும். அந்தத் தொலைபேசியில் கடைக்காரர் போட்ட கணக்கோ, மாமாவின் பழைய கணக்கோ எஞ்சியிருந்தால் நீக்கிவிடுங்கள். ஒரு பெரியவரின் கணக்கும் உள்ளே இருந்தால், ப்ளே ஸ்டோரில் அந்தக் கணக்குக்கு மாறிக்கொண்டு எதையும் இறக்கலாம் என்பதைப் பிள்ளைகள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 4: எல்லைகளை வகுத்தல்

செயலிகளை நிறுவுவதற்கு உங்கள் அனுமதி தேவை என்ற அமைப்பை இயக்குங்கள். ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி நிறுவுவதைத் தடுக்கும் அமைப்பும் ஃபேமிலி லிங்கில் உண்டு, அதையும் போட்டுவிடுங்கள். வகுப்பில் ஒருவனிடமிருந்து இன்னொருவனுக்கு விளையாட்டுகள் பரிமாறப்படும் வழி அதுதான். ஃப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டுகளில் டயமண்ட் வாங்கக் காசு கேட்கும். ப்ளே ஸ்டோரில் வங்கி அட்டையோ தொலைபேசி எண்ணோ கட்டணத்துக்காக இணைக்கப்பட்டிருந்தால், ரீலோட் போட்ட காசு போகும் வழி தெரியாது. கொள்வனவு ஒவ்வொன்றுக்கும் அனுமதி என்று வையுங்கள்.

நேர எல்லையில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். நாளுக்கு எவ்வளவு நேரம் என்பது ஓர் அமைப்பு. எத்தனை மணிக்குப் பிறகு திரை பூட்டப்படும் என்ற டவுன்டைம் இன்னோர் அமைப்பு. ஆர்வத்தோடு எட்டு மணிக்கு டவுன்டைமைப் போட்டுவிடுவார்கள்; ஆனால் டியூசன் ஆசிரியர் மறுநாள் பயிற்சியை அனுப்புவது எட்டே முக்காலுக்கு. பிள்ளை அழும், தாய் எல்லையை நீக்குவார், நீக்கிய எல்லை திரும்ப வராது. ஆகவே முதல் கிழமை எந்த எல்லையும் போடாமல், பிள்ளை எந்த நேரத்தில் எதைப் பாவிக்கிறது என்ற பதிவை மட்டும் பாருங்கள். வகுப்பு நேரம், பள்ளிவாசல் மதரசா, கோயில் திருவிழா நாட்கள், சனி ஞாயிறு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அதற்குப் பிறகு எல்லையை வையுங்கள். பாடத்துக்குத் தேவையான செயலியை 'எப்போதும் அனுமதி' என்ற பட்டியலில் சேர்க்கலாம். திரை பூட்டப்பட்டிருந்தாலும் வரும் அழைப்பைப் பிள்ளையால் எடுத்துப் பேச முடியும் என்பதால், "அவசரத்துக்கு எடுக்க முடியாதே" என்ற பயம் தேவையில்லை.

நீங்கள் செய்யும் மாற்றம் பிள்ளையின் தொலைபேசியில் இணையம் இருந்தால்தான் போய்ச் சேரும். டேட்டா முடிந்த நிலையில் பூட்டைத் திறக்க வேண்டி வந்தால், உங்கள் ஃபேமிலி லிங்கில் பெற்றோர் அணுகல் குறியீடு என்று ஓர் இலக்கம் கிடைக்கும். அதைப் பிள்ளையின் தொலைபேசியில் தட்டினால் இணையம் இல்லாமலே திறக்கும். பல நாட்களாக அந்தத் தொலைபேசியிலிருந்து எந்தப் பதிவும் வரவில்லை என்றால், டேட்டா இல்லையா, கணக்கு நீக்கப்பட்டதா என்று கையில் வாங்கிப் பாருங்கள்.

யூடியூப்பும் வட்ஸ்அப்பும்

சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் தனிச் செயலியாக உண்டு. சற்று வளர்ந்தவர்களுக்கு வழமையான யூடியூப்பை மேற்பார்வையோடு கொடுக்கலாம். அதில் மூன்று படிநிலைகள் உள்ளன, முதலாவது ஒன்பது வயதளவில் உள்ளவர்களுக்கு ஏற்றது. நீங்கள் விரும்பாத சனலைத் தனியாகத் தடுக்கவும் முடியும். வடிகட்டி எல்லாவற்றையும் பிடிக்காது. ஆகவே தொலைபேசியைக் காதில் ஹெட்செட்டோடு அல்லாமல், சத்தம் வெளியே கேட்கும்படி நடு வீட்டில் பார்க்க வைப்பது எந்த வடிகட்டியையும்விடப் பலன் தருவதைக் கண்டிருக்கிறேன்.

பிள்ளை தானே வட்ஸ்அப் கணக்கு வைத்திருக்கக் குறைந்த வயது 13. ஆனால் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில் தொடங்கிய வகுப்புக் குழுக்கள் இன்றும் வட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதற்கெனத் தனி வட்ஸ்அப் திறந்து கொடுப்பதைவிட, வகுப்புக் குழுவைத் தாயின் அல்லது தகப்பனின் தொலைபேசியில் வைத்திருப்பதே சரி. 13ஐத் தாண்டியவருக்குக் கொடுக்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். தனியுரிமைப் பகுதியில், தன்னைக் குழுக்களில் சேர்க்கக்கூடியவர்கள் 'எனது தொடர்புகள்' மட்டும் என்று வைக்க வேண்டும். தெரியாதவர்களின் அழைப்புகளை ஒலிக்காமல் வைக்கும் அமைப்பை இயக்க வேண்டும். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் தெரியாத கணினி எதுவும் இருக்கக் கூடாது; அங்கே ஒன்று இருந்தால், உங்கள் பிள்ளையின் உரையாடலை வேறு யாரோ வாசிக்கிறார்கள் என்று பொருள். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்து, யாராவது அதைக் கேட்டால், கேட்பவர் டீச்சர் என்று சொன்னாலும் கொடுக்கக் கூடாது என்பதைப் பிள்ளைக்குச் செய்து காட்டிச் சொல்லுங்கள்.

டிக்டொக்கிலும் குறைந்த வயது 13 தான். பெற்றோர் தம் கணக்கோடு பிள்ளையின் கணக்கை இணைக்கும் ஃபேமிலி பெயாரிங் அதில் உண்டு.

ஒரே தொலைபேசியை எல்லோரும் பாவிக்கும் வீடு

ஃபேமிலி லிங்க் பிள்ளைக்கென்று ஒரு தொலைபேசி இருந்தால்தான் முழுதாகப் பயன்படும். தாயின் தொலைபேசியையே பிள்ளையும் எடுக்கிறது என்றால், வேறு வழியில் போக வேண்டும். ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில் பெற்றோர் கட்டுப்பாடு என்ற பகுதியில் ஒரு பின் இலக்கத்தோடு வயதெல்லையை வைக்கலாம். யூடியூப்பில் கட்டுப்படுத்தப்பட்ட பயன்முறையை இயக்கலாம். எல்லாவற்றையும்விடக் கைகொடுப்பது, ஒரு செயலியை மட்டும் திரையில் ஊசி குத்தி நிறுத்தி வைக்கும் 'ஆப் பின்னிங்' வசதி: செட்டிங்ஸின் பாதுகாப்புப் பகுதியில் அதை இயக்கிவிட்டால், பிள்ளை அந்தப் பாடக் காணொளியிலிருந்து உங்கள் வட்ஸ்அப்புக்குப் போக முயன்றால் பின் (PIN) இலக்கத்தைக் கேட்கும். சோறு சமைக்கும் அரை மணித்தியாலத்துக்கு இது போதும்.

ஐபோன், வைஃபை

வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஐபோனில் பெரும்பாலும் தாயின் ஆப்பிள் கணக்கே இருக்கும். அதனால் தாய் அங்கே எடுக்கும் படங்கள் இங்கே பிள்ளையின் கையில் வந்து விழும், மறுபுறமும் அப்படியே. முதலில் அதை நீக்கி, ஃபேமிலி ஷெயாரிங் மூலம் பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறந்து, பின்னர் ஸ்கிரீன் டைமை இயக்குங்கள். ஸ்கிரீன் டைமின் பின் இலக்கமும் தொலைபேசியைத் திறக்கும் பின் இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. நிர்வாணப் படங்களை மங்கலாக்கி எச்சரிக்கும் வசதியும் அதற்குள் இருக்கிறது. அது இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால், ரவுட்டரில் டீஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவை) முகவரியாக 1.1.1.3 என்றும் இரண்டாவதாக 1.0.0.3 என்றும் கொடுக்கலாம். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் தொடங்கிய இந்த இலவச வடிகட்டி, ஆபாசத் தளங்களையும் தீய மென்பொருள் தளங்களையும் வீட்டு வைஃபையில் தடுக்கும். பிள்ளை மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இது வேலை செய்யாது.

பிள்ளையிடம் சொல்வது

மேற்கூறிய எல்லாவற்றையும் பிள்ளைக்குத் தெரிந்தே செய்யுங்கள். ஏறாவூரிலிருந்து வந்த ஒரு வாப்பா, மகன் தூங்கிய பிறகு இரகசியமாக அமைத்துத் தரும்படி என்னிடம் கேட்டார். ஃபேமிலி லிங்க் தன் இருப்பை மறைக்காது என்பதால் அது நடவாத காரியம். நடந்தாலும் நான் செய்து கொடுத்திருக்க மாட்டேன். ஒளித்து வைத்த கட்டுப்பாடு ஒருநாள் வெளிப்படும். அதன் பிறகு ஒரு பிரச்சினை வந்தால் பிள்ளை உங்களிடம் வரமாட்டான், நண்பனின் தொலைபேசிக்குப் போவான். அவர் மறுநாள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் கேட்டது ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கிரிக்கெட் பார்க்க இரண்டு மணித்தியாலம் வேண்டும். கொடுத்தோம்.

ஏதாவது நடந்துவிட்டால்

தெரியாத ஒருவர் படம் வாங்கிக்கொண்டு, காசு கேட்டோ இன்னும் படம் கேட்டோ மிரட்டுவதுதான் பெற்றோர் அதிகம் அஞ்சும் நிலைமை. முதலில் பிள்ளையை அடிக்காதீர்கள், தொலைபேசியையும் உடைக்காதீர்கள். காசு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் மறுபடியும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல், மிரட்டியவரின் கணக்குப் பெயர், எண், செய்திகள், திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். அதன் பின்னரே அந்தக் கணக்கைத் தடுக்கலாம். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் உறவினருக்கோ அதிபருக்கோ 'காட்டுவதற்காக' அனுப்பிவிடாதீர்கள். சிறுவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். 18 வயதுக்குட்பட்டவரின் படங்கள் பெரிய சமூக ஊடகங்களில் பரவாமல் தடுப்பதற்கு 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது; அதில் படத்தை ஏற்றத் தேவையில்லை, படத்திலிருந்து உங்கள் தொலைபேசியிலேயே உருவாகும் ஓர் அடையாளக் குறியீடு மட்டுமே அனுப்பப்படும்.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இரவிலும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். பொலிஸ் சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. கணக்கு களவாடப்பட்டது போன்ற விடயங்களுக்கு, கணினி அவசர உதவிக் குழுவான இலங்கை சேர்ட்டின் (CERT) இலக்கம் 101. ஊருக்குள் ஒருவரோடு நேரில் பேச விரும்பினால், பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது தொலைபேசியை எதுவும் அழிக்காமல் அப்படியே கொண்டு செல்லுங்கள். சார்ஜரையும் எடுத்துக்கொள்ளுங்கள், முறைப்பாடு எழுதி முடிவதற்குள் பற்றரி இறங்கிவிடும்.